தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிய இடத்துக்கு மூன்றரை ஸ்டார்

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மற்றதெல்லாம் கீழே வரும்.

இடம், நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மாடியில் இருக்கும் தூக்கப் பரிசோதனைக் கூடம். பெயர் போடவில்லை. நல்லதும் குறையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன், அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு என்னால் இடைஞ்சல் வேண்டாம். ஓபியாய்டு வகை (மார்ஃபின் குடும்பத்து) வலி மருந்தை மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு எப்படி நிற்கிறது என்று பார்க்கும் ஒரு ஆய்வுக்கு அங்கே ஆள் எடுத்தார்கள். வலி டாக்டரின் அறைக்கு வெளியே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் அதற்குத் தேறுவாரா என்று பார்க்கத்தான் போனோம்.

அவருக்கு 52 வயது. ஈத்தாமொழிப் பக்கம் தேங்காய் வெட்டுக்குப் போனவர். ஒரு நாளைக்கு நாற்பது மரம் சாதாரணமாக ஏறுவார். 2021-இல் மழை விட்ட மறுநாள் காலையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு உடைந்தது. கம்பி வைத்தார்கள். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். வலி மட்டும் இறங்கவில்லை. இடது கால் வழியாகக் கரண்ட் பாய்கிற மாதிரி இருக்கிறது என்பார். முதலில் ட்ரமடால் மாத்திரை, ஒரு வருடமாகத் தோளில் ஒட்டும் புப்ரினார்ஃபின் பேட்ச், வாரத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பழையதை உரித்துப் புதியதை ஒட்டுவது என் வேலை.

அவருக்குக் குறட்டை கிடையாது. அதனால்தான் ரொம்ப நாள் நானும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் அப்பா விடுகிற குறட்டையில் ஓடு அதிரும், மூச்சு நிற்கிற வியாதி என்றால் அப்படிப்பட்ட ஆட்களுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். இவர் மெலிந்த ஆள், கழுத்தும் மெலிந்தது. ஒரு நாள் மூன்று மணிவாக்கில் முழிப்பு வந்தது. ஏன் முழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் சத்தமே இல்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தால் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உலுக்கப் போகும்போது நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு சின்னச் சின்னதாக நாலைந்து மூச்சு, திரும்பவும் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து எனக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று.

நோட்டீசில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்தது ஆய்வு ஒருங்கிணைப்பாளர், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பிள்ளை. இருபது நிமிடம் கேள்வி கேட்டாள். என்ன மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மாதமாக, கடைசியாக அளவு மாறியது எப்போது. அப்புறம், “மூச்சு நிற்கிறதை யாராவது பார்த்திருக்காங்களா?” நான்தான் பார்க்கிறேன் என்றேன். “எவ்வளவு நேரம் நிற்கும் அக்கா?” ராத்திரி மூன்று மணிக்கு யார் கடிகாரம் பார்ப்பார்கள்? நான் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டு கிடப்பேன். “ஒரு அருள் நிறைந்த மரியே முடிஞ்சு, அடுத்ததுல பாதி வரை போகும்” என்று உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டாள். சிரித்ததோடு விடவில்லை என்பதுதான் விஷயம். “வழக்கமா சொல்ற வேகத்துல ஒரு தடவை சொல்லுங்க அக்கா, நான் நேரம் பார்க்கிறேன்” என்றாள். அங்கன்வாடி அடுப்படியில் நின்று போனில் ஜெபம் சொன்னேன். ஒன்றுக்குப் பதினான்கு செகண்டு. “அப்படின்னா இருபதுக்கு மேல. பத்து செகண்டு நின்னாலே நாங்க கணக்குல எடுப்போம்” என்றாள். இந்த ஒரு போனுக்காகவே ஒரு ஸ்டார் முழுசாகக் கொடுக்கிறேன்.

ஆமாம், நான் அங்கன்வாடிப் பணியாளர். பதினெட்டு வருடமாகப் படிவம் நிரப்புகிறேன், முன்பு ரெஜிஸ்டரில், இப்போது போனில். அதனால் ஒரு படிவம் யோசித்துப் போட்டதா, எங்கிருந்தோ எடுத்துப் போட்டதா என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். இவர்களிடம் இரண்டு வகையும் இருந்தது.

நேரில் போன அன்று முதல் குறை படிக்கட்டு. லிஃப்ட் இரண்டாவது மாடியோடு நின்றுவிடுகிறது, கூடம் இருப்பது மூன்றாவது மாடியில். முதுகு உடைந்தவர்களை வரச் சொல்லிவிட்டு பதினெட்டுப் படி ஏறச் சொல்கிறார்கள். போகிறவர்கள் கீழேயே சக்கர நாற்காலி கேளுங்கள். கேட்டால் தூக்கிக்கொண்டு போக ஆள் தருகிறார்கள். கேட்காவிட்டால் இல்லை.

இரண்டாவது குறை அதைவிடப் பெரியது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுத்தார்கள், நல்லதுதான். சத்தமாக வாசித்துக் காட்டவும் செய்தார்கள். இரண்டாவது பத்தியில் ‘நீண்ட காலமாகப் போதை மருந்து உட்கொள்ளும் நபர்கள்’ என்று வந்தது. வீட்டுக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “எனக்க மருந்து போதை மருந்தா பிள்ளே?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார், அவளைப் பார்த்துக் கேட்கவில்லை. கள் கூடத் தொடாத மனுஷன். தென்னை ஏறுகிறவர்களில் அப்படி ஒரு ஆளைக் காட்டுவது கஷ்டம். 2018-இல் ட்ரமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு மெடிக்கல் ஸ்டோரில் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும், வரிசையில் நிற்கிறவர்கள் எட்டிப் பார்ப்பதும் அவருக்கு ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருந்தது. இங்கே அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பிள்ளை முகம் சிவந்து, “அண்ணே, மொழிபெயர்த்தவங்க செஞ்ச தப்பு. இங்கிலீஷ்ல அப்படி இல்ல” என்று இங்கிலீஷ் தாளை எடுத்துக் காட்டினாள். அதைக் காட்டி என்ன பிரயோசனம், அவருக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ்தானே. ‘ஓபியாய்டு வகை வலி நிவாரண மருந்து’ என்று போட்டால் முடிந்தது. ‘தூக்க மூச்சுத்திணறல்’ என்பதும் சரியில்லை என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். அவர் திணறவே இல்லை, அதுதானே சிக்கல். மூச்சு சும்மா நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். கையெழுத்து ‘தேர்வுப் பரிசோதனைக்கு மட்டும்’ என்று அன்றைக்கு வாங்கினார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான வைத்தியம் நிற்காது என்றார்கள். ஒரு பிரதியை எங்கள் கையில் கொடுத்தார்கள். சிடிஆர்ஐ (நாட்டில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் அரசுப் பதிவேடு) பதிவு எண்ணும் நெறிமுறைக் குழுவின் போன் நம்பரும் அதன் கடைசிப் பக்கத்தில் இருந்தன. யாராவது உங்களை ஆய்வுக்கு என்று கூப்பிட்டால் இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பதிவு எண்ணைப் போட்டால் அரசு இணையதளத்தில் அந்த ஆய்வின் விவரமும், யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள் என்பதும் வரும். நான் வீட்டுக்கு வந்து மகனிடம் போட்டுப் பார்க்கச் சொன்னேன், இருந்தது.

பிறகு கேள்வித் தாள்கள். எட்டுக் கேள்வி உள்ள ஒன்றின் பெயர் ஸ்டாப்-பேங். குறட்டை உண்டா, பகலில் அசதி உண்டா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பிரஷர் உண்டா, உடல் எடை, வயது 50-க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு, ஆணா. ஒவ்வொரு ஆமாமுக்கும் ஒரு மார்க். கழுத்தை நாடாவால் அளந்தார்கள். எங்களிடமும் நாடா உண்டு, பிள்ளைகளின் மேல்கையைச் சுற்றி அளப்பது, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு. இங்கே கோடு 40 சென்டிமீட்டர், அதற்கு மேலே போனால் மார்க். இவருக்கு 36. அசதிக்கு ஒன்று, வயசுக்கு ஒன்று, ஆம்பிளையாகப் பிறந்ததற்கு ஒன்று, நான் முழித்துக் கிடந்ததற்கு ஒன்று, ஆக நாலு. மூன்றும் நாலும் நடுத்தரம், ஐந்தும் அதற்கு மேலும் ஆபத்து அதிகமாம். நான் பக்கத்தில் படுக்காமல் இருந்திருந்தால் மூன்றோடு நின்றிருக்கும். தனியாகப் படுக்கிற ஆளுக்கு அந்த மார்க் எப்படி வரும் என்று கேட்டேன். “வராது அக்கா” என்றாள்.

இன்னொரு தாள் பகல் தூக்கத்துக்கு. எப்வொர்த் என்று பெயர். எட்டு சூழ்நிலை, ஒவ்வொன்றிலும் கண்ணசரும் வாய்ப்பு சைபரில் இருந்து மூன்று வரை. ‘காரில் செல்லும்போது போக்குவரத்து நெரிசலில் சில நிமிடங்கள் நிற்கையில்’ என்று ஒரு கேள்வி. நாங்கள் கடைசியாகக் காரில் போனது ஆம்புலன்சுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபோது. பஸ் என்று மாற்றிக்கொள்ளலாமா என்றால் மாற்றக்கூடாது, உலகம் முழுக்க ஒரே கேள்வியாம். சரி, வடசேரியில் பிளாக்கில் நிற்பதை நினைத்துக்கொண்டு வீட்டுக்காரர் ‘இரண்டு’ என்றார். மொத்தம் 24-க்கு 13. பத்துக்கு மேல் போனாலே அதிகம்.

யார் யார் தேறமாட்டார்கள் என்ற பட்டியலை நான் கேட்டு வாங்கி வாசித்தேன். இதய பலவீனம் உள்ளவர்கள் கிடையாது, அந்த நோயிலேயே மூச்சு ஏறி இறங்கி நிற்குமாம், மருந்தால் நின்றதா இதயத்தால் நின்றதா என்று பிரிக்க முடியாது. பக்கவாதம் வந்தவர்களும் அப்படித்தான். ஏற்கெனவே சிபாப் மெஷின் (தூங்கும்போது மூக்கு வழியாகக் காற்றை அழுத்திக் கொடுப்பது) மாட்டுகிறவர்கள், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் கிடையாது. மருந்தின் அளவு கடைசி நாலு வாரத்தில் மாறியிருக்கக் கூடாது. இதெல்லாம் நியாயம். ஆனால் ராத்திரி வேலை பார்க்கிறவர்களும் கிடையாது என்றிருந்தது. அப்படியானால் எங்கள் ஊர்க் கடற்கரையில் இருந்து கடலுக்குப் போகிற ஒருத்தரும் உள்ளே வர முடியாது. இரண்டு மணிக்கு வள்ளம் இறக்குகிறவர்கள்தான் எல்லாரும். முதுகு போய் வலி மாத்திரையில் ஓடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். தூக்க நேரம் மாறினால் கணக்கு குழம்பும் என்று காரணம் சொன்னாள். காரணம் புரிகிறது. புரிந்தாலும் மனசு ஒப்பவில்லை.

இனி முக்கியமான இடம். போனிலேயே சொல்லியிருந்தாள், “அண்ணன் சாப்பிடுற எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டுக் கொண்டு வாங்க, தலைவலி மாத்திரை, நாட்டு மருந்து, எதையும் விடாதீங்க.” நான் ஒரு துணிக்கடைக் கவர் நிறையக் கொண்டு போனேன். மேசையில் கொட்டி, ஒவ்வொரு பட்டையாக நேராக அடுக்கி, பெயரை வாசித்து எழுதினாள். பேட்ச், நரம்பு வலிக்கான ப்ரீகாபாலின், வாயு மாத்திரை, வைட்டமின். கடைசியில் பாதி கிழிந்த ஒரு சின்னப் பட்டை வந்தது. அல்ப்ரசோலம், அரை மில்லி. “இது எப்ப இருந்து அக்கா?” எட்டு மாதமாக. தூக்கம் வரவில்லை என்று எங்கள் பக்கத்து கிளினிக் ஒன்றில் எழுதிக் கொடுத்தது. போனில் கேட்டபோது நான் இதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அவள் வலி மருந்தைக் கேட்டாள், இது தூக்க மாத்திரைதானே என்று விட்டுவிட்டேன். அந்தக் கிளினிக்கில் பேட்ச் ஒட்டியிருப்பதை யாரும் கேட்கவில்லை, சட்டைக்குள் இருந்ததால் தெரியவும் இல்லை. வலி டாக்டரிடம் இந்த மாத்திரையை நாங்கள் சொல்லவில்லை. இரண்டு டாக்டருக்கும் நடுவில் நான் ஒருத்திதான் இரண்டையும் தெரிந்தவள்.

பட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். டாக்டர் வெளியே வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தார். வந்தவுடன், “இந்த ஆய்வுக்கு இவர் தகுதியில்லை” என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் கால் மணி நேரம் அவர் பேசியதைத்தான் காசு கொடுத்தாலும் வேறெங்கும் கேட்டிருக்க மாட்டோம். நாம் முழித்திருக்கும்போது மூச்சு தவறினாலும் விழிப்பே அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். தூங்கிவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதைப் பார்த்து மூளைத்தண்டுதான் ‘மூச்சு விடு’ என்று சொல்ல வேண்டும். ஓபியாய்டு மூளைத்தண்டின் காதை மந்தமாக்குகிறது. அல்ப்ரசோலம் வகை மாத்திரை அதன் மேல் இன்னொரு கம்பளியைப் போடுகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதைப் பற்றி அமெரிக்காவில் 2016-இலேயே மருந்துப் பெட்டியில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடிக்கச் சொல்லிவிட்டார்களாம். ப்ரீகாபாலினும் அந்தப் பக்கம்தான் சாயும் என்றார். “ஆய்வை விடுங்க. இவருக்கு டெஸ்ட் வேணும், இந்த வாரமே வேணும்.” கூடவே ஒன்றை மூன்று தடவை சொன்னார், இன்றைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இரண்டு டாக்டர்களுக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தார். தேறாவிட்டாலும் வந்து போன செலவு என்று 300 ரூபாய் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

டெஸ்டுக்கு 9,000 ரூபாய் கட்டினோம். ஆய்வில் சேர்ந்திருந்தால் காசில்லை. பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் சின்ன மெஷினை வீட்டுக்கே கொடுத்து விட்டார்களே, அது மலிவாயிற்றே என்று கேட்டுப் பார்த்தேன். ஓபியாய்டு எடுப்பவர்களுக்குக் கூடத்தில் படுக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். வீட்டு மெஷின் மூளை அலையைப் பதியாது, ஆள் தூங்கினாரா சும்மா கிடந்தாரா என்றே அதற்குத் தெரியாது.

அப்புறம் அந்த எண்ணெய். ராத்திரி எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று நான்தான் சாயங்காலம் நன்றாகத் தேங்காய் எண்ணெய் வைத்துத் தலைவாரி விட்டிருந்தேன். டெக்னீஷியன் தம்பி களிம்பு மாதிரி ஒன்றைத் தொட்டு முதல் வயரைத் தலையில் வைத்தான். வழுக்கிக் காதில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. தம்பி விரலைத் தேய்த்து மோந்து பார்த்து, “எண்ணெய் வச்சிருக்கீங்களா அண்ணே?” என்று அழாத குறையாகக் கேட்டான். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பார்த்தான், நடக்கவில்லை. நான் மூன்று மாடி இறங்கி எதிர்த்த பெட்டிக்கடையில் ஷாம்பூ பாக்கெட் நாலு வாங்கி வந்தேன். வார்டு பாத்ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து இரண்டு தடவை அலசினேன். ஃபேனுக்கு அடியில் காயவைத்து, தலையில், கண்ணோரத்தில், தாடையில், நெஞ்சில், காலில் என்று இருபது வயருக்கு மேல் ஒட்டி முடிக்கும்போது மணி பதினொன்று. பத்து மணிக்கு விளக்கணைத்திருக்க வேண்டும். ‘தலை குளித்து, எண்ணெய் இல்லாமல் வரவும்’ என்று ரசீதில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு அடித்தால் தீர்ந்தது. நம்ம ஊரில், அதுவும் ஒரு தேங்காய் வெட்டுகாரரிடம், இதைச் சொல்லாமல் விடலாமா?

துணைக்குப் போகிறவர்களுக்கு வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். கொசு உண்டு. போர்வை கொண்டு போங்கள்.

பழக்க தோஷம், மூன்று மணிக்கு முழித்துவிட்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்ததைக் கண்டு தம்பி, “உள்ள வாங்க அக்கா” என்றான். ஸ்கிரீனில் கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோடு மூக்கில் வரும் காற்று, அதற்கடியில் நெஞ்சுப் பட்டை, வயிற்றுப் பட்டை. தொண்டை அடைத்து நிற்கிற ஆளுக்குக் காற்றுக்கோடு படுத்துவிடும், ஆனால் நெஞ்சும் வயிறும் மூச்சுக்குத் தவித்து ஆடிக்கொண்டே இருக்கும். இவருக்கு மூன்று கோடும் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. தம்பி எண்ணைக் காட்டினான், 22 செகண்டு. நான் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது இரண்டாவது அருள் நிறைந்த மரியேயின் நடுவில் நின்றது.

ரிப்போர்ட் சொன்னபடி நாலாம் நாள் வந்தது. மணிக்கு 23 தடவை, ஐந்துக்குள் இருந்தால் சரியான ஆள், 15 முதல் 30 வரை நடுத்தரம். பெரும்பாலும் மூளை சொல்லாமல் நிற்கிற வகை. டாக்டர் அதைத் தமிழில் உட்கார்ந்து விளக்கினார், அவசரப்படவில்லை.

அல்ப்ரசோலத்தை விட ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரம் வீட்டில் நாங்கள் பட்டது தனிக்கதை. தூக்கமில்லாமல் முற்றத்தில் நடந்துகொண்டே இருப்பார், தொட்டதற்கெல்லாம் கோபம். இப்போது ஒரு மாதமாக மாத்திரை இல்லை. பேட்ச் அதேதான் ஓடுகிறது. இன்னொரு டெஸ்ட் வரப் போகிறது, அதற்கு முன்னால் எதுவும் சொல்லக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் முழு ஜெபம் ஒன்று முடிகிற வரைக்கும் நிற்பது இப்போது அபூர்வம்.

ஸ்டார் கணக்கு: போனுக்கு ஒன்று, மாத்திரைக் கவருக்கு ஒன்று, டாக்டர் உட்கார்ந்து பேசியதற்கு ஒன்று, 300 ரூபாய்க்கு அரை. படிக்கட்டுக்கும் நாற்காலிக்கும் எண்ணெய்க்கும் ஒன்று பிடித்துக்கொண்டேன், மீதி அரை அந்த மொழிபெயர்ப்புக்கு.

போன வாரம் அந்தப் பிள்ளையே கூப்பிட்டாள். மாத்திரை நின்று நாலு வாரம் ஆகிவிட்டதாம், மறுபடி தேர்வுக்கு வரலாமாம். போனை நான் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். “அந்தத் தாளை மாத்தியாச்சா?” என்று கேட்டார். மாற்றிவிட்டோம், நெறிமுறைக் குழுவுக்குப் போய் வந்துவிட்டது என்றாள். வியாழக்கிழமை போகிறோம். வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்று சொல்லியிருக்கிறார்.